நாலு விரல் இறக்கிய பெடல்

என் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ உடைந்த களைக்கொத்து என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். அது ஒரு லாரியின் கிளட்ச் பெடல். முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டு, அதன் நுனியில் உள்ளங்கை அகலத் தகடு, தகட்டின் மேல் வரிகளெல்லாம் தேய்ந்து வழவழத்துப் போன ரப்பர். தண்டின் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் அறுத்து, கீழ்நோக்கி வளைத்து, மறுபடி பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். எதற்காக என்பதைத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் தப்பாகத் தெரிந்துவைத்திருந்தேன். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டா ஒரு கை பழமாவது வரும். இத வாசல்ல வெச்சிகினு வர்றவங்க காலத் தட்டி வுட்டுகினு" என்று என் மனைவி அடிக்கடி சொல்லுவாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் எடுத்துப் போட்டதில்லை.

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. கடையில் தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், அதற்கப்புறம் கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். யாராவது வலிய வந்து நல்லது செய்தால் இவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் முதலில் தோன்றும். இது பிறவிக் குணமா, லாரி ஓட்டி வந்த குணமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் 1991-ஆம் வருஷம் நான் பட்ட சந்தேகம் மாதிரி அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமானவர் எங்கள் முதலாளியம்மா.

எனக்கு வடக்குப்பட்டு. இன்றைக்கு எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிகளின் சுவர்தான் தெரியும். அன்றைக்கு அந்தச் சாலையில் வேலை என்றால் கல்குவாரிதான். நான் குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு தாம்பரம் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கட்டட வேலை நடக்கிற இடங்களில் கொட்டிவிட்டு வருவேன். லாரி மூன்று. முதலாளிக்குப் படப்பையில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஷெட். மூன்று வண்டிக்கு மூன்று டிரைவர். எல்லோருக்கும் மூத்தவரைப் பெரிய டிரைவர் என்போம். சுங்குவார்சத்திரத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். இன்னொருவர் செங்கல்பட்டுக்காரர், அவர் வாயைத் திறந்தால் சாப்பாட்டுக்காகத்தான் இருக்கும். நான் மூன்றாவது ஆள், மூன்றிலும் பழைய வண்டி என்னுடையது. என்னுடையது என்று சொல்வதில் தப்பில்லை. அவனவன் வண்டியில் அவனவன்தான் உட்காருவான். இன்னொருத்தன் வந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் மனைவியின் டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி கோபம் வரும்.

அந்தக் காலத்து லாரியில் கிளட்ச் மிதிப்பதென்றால் என்னவென்று இப்போது கார் ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இடது காலால் அந்தப் பெடலை அடி வரைக்கும் மிதித்தாக வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகள் அத்தனையும் சேர்ந்து காலை எதிர்த்துத் தள்ளும். குவாரிக் குழியிலிருந்து லோடோடு மேலே ஏறி ரோட்டைப் பிடிப்பதற்குள் தொடை நடுங்கிவிடும். பல வருஷம் ஓட்டிய டிரைவரை நிற்கவைத்துப் பார்த்தால் இடது கெண்டைக்கால் மட்டும் தனியாகத் திரண்டிருக்கும். அதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. இந்தப் பெடலை மிதிக்க எல்லோராலும் ஆகாது என்பதால்தான் எங்களுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் இடது முட்டி 1991-க்கு முந்தைய மழைக்காலத்திலேயே வீங்க ஆரம்பித்துவிட்டது. நீட்டினால் பரவாயில்லை, மடக்கினால் உயிர் போகும். பெடலோ தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எழும்பி நிற்கும். காலைத் தூக்கி, முட்டியை மடக்கி, அதன் மேல் வைத்து அழுத்த வேண்டும். தூக்குகிறபோதே கண்ணில் தண்ணீர் முட்டும். வீட்டில் மனைவி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. எங்கள் குவாரியிலேயே ஒரு டிரைவர் இருந்தார், கால் வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். மறுவாரமே ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற வண்டியின் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்குக் கூலி பாதியானது மட்டுமில்லை, டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டு உட்காரச் சொல்கிறவர்கள்கூடக் குறைந்துபோனார்கள். என் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வண்டியை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

முதலாளி முந்தைய வருஷம் ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் இருந்த வரைக்கும் அந்தம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தவர். நன்றாகச் சமைப்பார் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. காரியம் முடிந்த சில நாட்களில் ஷெட்டில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குள்ளமான உருவம், நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. குரல் மட்டும் பெரியது. டயரைப் பற்றிக் கேட்பார், டீசலைப் பற்றிக் கேட்பார், போன வாரம் சொன்னதையே வேறு மாதிரி திருப்பிக் கேட்பார். பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். புதிதாகப் புருஷனை இழந்தவர், அந்நிய ஆண்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று பெரிய டிரைவர் சொன்னார். நான் அதையும் நம்பவில்லை. கூச்சப்படுகிறவர் ஸ்டெப்னி டயரைத் தட்டிப் பார்ப்பாரா?

வருஷத் திதிக்கு எங்கள் மூவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார்கள். பெரிய டிரைவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார், செங்கல்பட்டுக்காரர் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சம்மணம் போட முடியாது. போட்டால் எழுந்திருக்க முடியாது. ஆகவே வயிறு சரியில்லை, காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டேன். நல்ல பொய் என்று எனக்கு நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். முதலாளியம்மா பரிமாறிக்கொண்டே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கிளம்பும்போது ஒரு தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்தார். வீட்டில் போய்த் திறந்தால் சோறு, குழம்பு, வடை, தனியாகக் கிண்ணத்தில் பாயசம். என் மனைவி சந்தோஷமாகச் சாப்பிட்டாள். நான்தான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னவனுக்கு யாராவது வடை பாயசம் கொடுத்து அனுப்புவார்களா?

அதற்கு அடுத்த வாரமே என் வண்டி பாயின் ஷெட்டுக்குப் போனது. பாய் என்பது படப்பையில் எங்கள் வண்டிகளைப் பார்த்துவந்த மெக்கானிக். ஸ்பிரிங் பட்டை மாற்றத்தான் போயிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கேபினுக்கு அடியில் புதிதாக ஓர் உருளை தொங்கிக்கொண்டிருந்தது, அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் பின்னால் ஓடியது. கிளட்சுக்கு பூஸ்டர் என்றார்கள். எஞ்சின் ஓடும்போது பிரேக்குக்காக ஒரு டாங்கில் காற்று சேருமே, அதில் கொஞ்சத்தை இந்த உருளை வாங்கிக்கொள்ளும். நாம் பெடலில் காலை வைத்தால் போதும், மீதியை அந்தக் காற்றே தள்ளிவிடும். உடைத்துப் போட்ட ஏதோ பஸ்ஸிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது என்று பாய் சொன்னார். ஏறி மிதித்துப் பார்த்தேன். பழுத்த பப்பாளியில் விரலை வைத்த மாதிரி போய்விட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக ஒரு பெடலை மிதித்ததில்லை. அந்த நிமிஷமே சந்தேகமும் கூடவே ஏறி உட்கார்ந்தது. மூன்று வண்டி இருக்கும்போது ஏன் என் வண்டிக்கு மட்டும்?

டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. கிளட்ச் லேசானால் டிராக்டர் ஓட்டுகிற பையன்களைக்கூடப் பாதிச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் இந்தம்மா அடி போடுகிறது என்றார் செங்கல்பட்டுக்காரர். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பெரிய டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது இல்லடா. இது வேற கணக்கு. எவன் காலு போயிட்டுதுன்னு பாக்கறதுக்கு வெச்ச பொறி. காலு நல்லா கீறவன் இந்தப் பெடலு வோணாம்பான். காலு கெட்டவன் இனிக்க இனிக்க மிதிப்பான். ஒரு மாசம் வுட்டுப் புடிச்சுடுவாங்க." நான் டீயைக் குடிக்கிற மாதிரி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பொறி என்றால் எலி நான்தானே?

அன்றிலிருந்து நான் நடிக்க ஆரம்பித்தேன். போகிற வருகிற இடத்திலெல்லாம் அந்தப் பெடலைத் திட்டினேன். மிதித்த மாதிரியே இல்லை, ஆம்பிளை ஓட்டுகிற வண்டியா இது என்றேன். ஷெட்டில் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தால் வண்டியிலிருந்து இடது காலை முதலில் ஊன்றிக் குதித்தேன். குதித்துவிட்டு அங்கேயே நின்று சாவியைத் தேடுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எஞ்சின் ஓடாதபோது டாங்கில் காற்று இருக்காது. அப்போது பெடல் பழையபடி கல்லாக இருக்கும், காற்று ஏறிய பிறகுதான் லேசாகும். மற்றவர்கள் காலையில் வண்டியைத் தட்டியதும் கிளப்பிக்கொண்டு போவார்கள். நானும் காற்றுக்குக் காத்திருக்காமல், வலியோடு மிதித்துக் கிளப்பினேன். காத்திருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயம். எனக்குச் சுகம் கொடுக்க வந்த சாமானை வைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

இதில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. பெடல் பழைய உயரத்தில் இல்லை. பக்கத்து பிரேக் பெடலைவிட நாலு விரல் அளவு கீழே இறங்கி, குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே எட்டுகிற உயரத்தில் இருந்தது. ஒருநாள் என் வண்டி வழியை மறித்து நின்றதால் பெரிய டிரைவர் ஏறி அதை நகர்த்த வேண்டியதாகிவிட்டது. ஏறினவர் காலால் துழாவிவிட்டுக் கத்தினார்: "இன்னாடா இது, பெடலக் காணோம்? பாதாளத்துல கீது!" நான் நேராகப் பாயிடம் போய்க் கேட்டேன்.

"பூஸ்டர் வெச்சா அப்பிடித்தான் எறங்கும் நைனா" என்றார், தலையை எடுக்காமல்.

"எதுக்கு பாய் எறங்கணும்?"

"அது அமைப்பு. நீ டிரைவரு, நான் மெக்கானிக்கு. வண்டிய ஓட்டு."

பாய் சாதாரணமாக ஒரு போல்ட்டைப் பற்றிக் கேட்டாலே அதன் பாட்டன் பூட்டன் வரைக்கும் சொல்கிறவர். அன்றைக்கு இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார். இவரும் உடந்தை என்று முடிவு கட்டினேன்.

அந்த வருஷம் எங்கள் சாலையில் நான் மட்டும்தான் சந்தேகத்தோடு அலைந்தேன் என்று சொல்ல முடியாது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது நாடே அறிந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பக்கம் போகிற வண்டிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஜல்லி லாரிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்த ஒரு போலீஸ்காரர் அந்த உருளையைப் பார்த்துவிட்டார். பழைய வண்டியில் பளபளவென்று புதுக் குழாய். என்னை இறக்கி நிற்கவைத்தார். இது என்ன, யார் வைத்தது, உள்ளே என்ன என்று கேட்டார். காற்று சார் என்றேன். காற்றை எதற்கய்யா கட்டித் தூக்கிக்கொண்டு போகிறாய் என்றார். பின்னால் வந்து நின்ற பெரிய டிரைவரும் இறங்கி வந்துவிட்டார். நான் கிளட்ச், பெடல், ஸ்பிரிங் என்று எல்லாவற்றையும் விளக்கி முடித்தேன். அவருக்கு நம்பிக்கை வந்து டார்ச்சை அணைத்தார். போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்யா, அவ்ளோ லேசா வேணும்னா, உனக்குக் கால்ல எதுனா நோவா?" அவர் அதுவரை கேட்ட எதற்கும் எனக்கு வேர்க்கவில்லை. அதற்கு வேர்த்தது. பெரிய டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்கா? இவன் குதிர சார்" என்றார். சொன்ன விதத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, ஆழம் பார்த்தாரா என்று படப்பை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இனித் தாங்காது என்று ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். பெரிய டிரைவர் கோவிலில் இருப்பார், செங்கல்பட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, பிரேக்கின் காற்றை இது தின்கிறதா, வேறு ஏதாவது செய்துவைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம். ஷெட்டின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே என் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போயே போய்விட்டது, என் இடத்தில் யாரையோ உட்காரவைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட்டில் முதலாளியம்மா.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சீட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முதுகு சீட்டில் படவில்லை. உடம்பை இழுத்து நீட்டியும் கால் பெருவிரல்தான் கிளட்சில் பட்டது. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"ஞாயித்துக்கெழம இங்க இன்னா வேல?"

"டவல வுட்டுட்டுப் போயிட்டேம்மா."

டவல் என் தோளில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல என் காலைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் சொன்னார்: "சரி, பாத்துட்ட. இனிமே மறச்சு இன்னா ஆவப்போவுது. இத எனக்காகத்தாம்பா பண்ணச் சொன்னேன். மூணு வண்டிய வெச்சிகினு ஒண்ணக்கூட நகத்தத் தெரியலன்னா நாளைக்கு நீங்கள்லாம் ஒண்ணு கூடிகினு எது சொன்னாலும் நான் நம்பணும். பிளேட்டு போச்சும்பீங்க, கியரு போச்சும்பீங்க. எனக்கு இன்னா தெரியும்? இந்தக் கெழட்டு வண்டியா இருந்தா இடிச்சாலும் போவட்டும்னுதான் இதுல வெக்கச் சொன்னேன்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல் உருண்டு போனது. எங்களைச் சந்தேகப்பட்டு வைத்த பெடல். எவ்வளவு நல்ல செய்தி! அந்தம்மா என்னைப் போலவே ஒரு சந்தேகப் பிராணி. அப்படிப்பட்டவரை எனக்குப் புரியும், நம்பவும் முடியும். என் காலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவரை நகர்ந்து உட்காரச் சொல்லி, ஏறி, வண்டியை ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திக் காட்டினேன். அவர் பெடலைப் பார்க்கவில்லை, என் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்கிறவர் காலைத்தானே பார்ப்பார் என்று நினைத்தேன். இறங்கும்போது சொன்னார்: "நான் கத்துக்கினு கீறேன்னு எவன்கிட்டயும் சொல்லாத, சிரிப்பானுங்க. அது வரைக்கும் இந்த வண்டிய நீதான் ஓட்டணும். வேற எவனும் ஏறக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. காலைல காத்து ஏறாம வண்டிய எடுக்காத. பிரேக்கு புடிக்காது, எவன் மேலயாவது ஏத்திடப் போற. முதலாளியம்மா சொன்னாங்கன்னு சொல்லு." நான் சரி என்றேன். அவருடைய ரகசியம் என் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அன்றைக்கு வீட்டுக்குக் கறி வாங்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சீட்டில் உட்கார்ந்தார். பிறகு வேலை இருக்கிறது, தலை வலிக்கிறது என்று விட்டுவிட்டார். கற்றுக்கொள்ளவே இல்லை. நான் காலையில் காற்று ஏறுகிற வரைக்கும் காத்திருந்து, யாராவது ஏன் என்று கேட்டால் முதலாளியம்மா உத்தரவு என்று சொல்லிவிட்டு, காலைத் தரையோடு நகர்த்தி வைத்து மிதித்து ஓட்டினேன். தூக்குகிற வேலை இல்லாததால் வீக்கம் வடிந்து, வந்து, வடிந்து, ஒரு மாதிரி என்னோடு சமாதானமாகிவிட்டது. பொங்கல் கழித்து மற்ற இரண்டு வண்டிகளுக்கும் பூஸ்டர் வைத்தார்கள். பெரிய டிரைவர் ஒரு வார்த்தை திட்டாமல் மிதித்தார். அவர் ஒரு நாள் கேட்டார், "என்னுது மேலயே கீது, உன்னுது மட்டும் ஏண்டா பாதாளத்துல?" என்று. பாயைக் கேட்டேன். பழைய வண்டி, அதோட அமைப்பு அப்படி என்றார். குள்ளமான அம்மாவுக்காகச் செய்தது, அதைப் பெரிய டிரைவரிடம் எப்படிச் சொல்வது என்று பாய் சொன்னதையே அவரிடமும் சொல்லிவிட்டேன். என் மகள் படித்து முடிக்கிற வரைக்கும் அந்த வண்டியைத்தான் ஓட்டினேன். கடைசியில் அதை உடைக்கக் கொடுத்தபோது பெடலை மட்டும் கேட்டேன். முதலாளியம்மா சிரித்தார். "எடுத்துக்கப்பா, உன்னுதுதான்" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

மகள் இப்போது ஒரகடத்தில் பெரிய வண்டிகள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்த வருஷம் குடும்பத்தையெல்லாம் உள்ளே கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார்கள். புது லாரி ஒன்றை நிறுத்தி, ஏறிப் பார்க்கலாம் என்றார்கள். நான் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். பூஸ்டர் எல்லாம் உள்ளேயே வைத்து வருகிறதாம், செருப்பு மாட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மகள் ஏறினாள். அவள் அவள் அம்மாவைப் போலக் குள்ளம். காலை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எட்டவே இல்லப்பா. எங்கள மாதிரி ஆளுங்களுக்குப் பெடலு இன்னும் மேல, கிட்ட வரணும். இது கீழ போயிகினு கீது."

பக்கத்தில் நின்ற ஆள் சீட்டை முன்னால் தள்ளிக்கொடுத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பழைய வண்டியில் சீட்டு நகராது, பலகையோடு சேர்த்து முடுக்கியது. குள்ளமானவர் தனக்காகப் பெடலை மாற்றச் சொன்னால் உயர்த்தச் சொல்வாரா, நாலு விரல் இறக்கச் சொல்வாரா? யாருக்கு இறக்க வேண்டும்? முட்டியை மடக்க முடியாதவனுக்கு. சம்மணம் போட்டு உட்கார முடியாமல், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றவனுக்கு. அன்றைக்கு அந்தம்மா எதற்காக அந்தச் சீட்டில் ஏறினார் என்று எனக்குத் தெரியாது. தான் சொன்னபடி பாய் செய்திருக்கிறாரா என்று பார்க்க ஏறியிருக்கலாம். நான் உள்ளே நுழைந்தபோது முகம் வெளுத்தது அதனால்தானோ என்னவோ. இப்போது கேட்க ஆள் இல்லை. பாயும் எப்போதோ போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கதவிலிருந்து பெடலை எடுத்தேன். கதவு போய்ச் சுவரில் அடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து மனைவி, "ஒருவழியா பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறியா?" என்றாள். நான் பெடலின் தூசியைத் துடைத்தேன். வாழ்நாள் பூராவும் நான் பட்ட சந்தேகங்களில் முக்கால்வாசி வீண்தான். இது ஒன்று வீண் இல்லை. எனக்குத் தெரியாமல் என் விஷயமாக ஏதோ நடக்கிறது என்று அன்றைக்கு நான் நினைத்தது சரி. பாய் உடந்தை என்றதும் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா என்னிடம் சொன்னது பச்சைப் பொய், அதை மட்டும்தான் நான் நம்பித் தொலைத்தேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பெடலை வண்டியில் இருந்த வாக்கில் தரையில் வைத்து, இடது காலை அதன் மேல் வைத்தேன். காலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.